முந்தானைக்குள்ளிருந்து வந்த பந்து

என் மாமனார் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை "ரெடியா?" என்பதுதான். அதற்குள் கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடிவிட்டிருந்தது.

சிரிக்காதீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பாதி வீடுகளில் அப்படித்தான். மருமகள் மாமனாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவர் இருக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்து, குனிந்தபடி போக வேண்டும். அவருக்குக் காப்பி வேண்டுமென்றால், நான் எதிரிலேயே நின்றாலும் சுவரைப் பார்த்து, "காப்பி ஆச்சான்னு கேளு" என்பார். மாமியார் என்னைப் பார்த்து, "ஆச்சாடி?" என்பார். "ஆச்சு அத்தை" என்பேன். "ஆச்சாம்" என்று அத்தை அவருக்குச் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில்தான் நின்றுகொண்டிருப்போம்!

நான் கிள்ளானில் மூன்று அண்ணன்களோடு பிறந்து வளர்ந்தவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வாயும் கொஞ்சம் நீளம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு வாத்தியாரம்மாவாக இருந்தேன். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவளைக் கொண்டுவந்து இப்படி ஒரு வீட்டில் விட்டால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு மாதம் கொல்லைப் பக்கம் போய் வாழை மரத்திடம் பேசிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

மாமனார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரயில்வே சரக்கு ஆபிஸில் குமாஸ்தா. வெள்ளைக் கால்சட்டை, பட்டன் போட்ட கோட்டு. சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார், குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பிங்பாங். வீட்டுக் கூடத்தின் முக்கால்வாசியை அந்த மேசைதான் அடைத்துக்கொண்டிருந்தது. சீனத் தச்சர் ஒருவரிடம் அளவு சொல்லிச் செய்து, பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். நாங்கள் மேசையைச் சுற்றிச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெண் பார்க்க வந்தபோது எங்கள் அம்மாவிடம் அத்தை சொன்னாராம், "வீடு பெருசுதான், ஆனா மேசை அதைவிடப் பெருசு."

அவர் போடும் சர்வீஸுக்கு ரயில்வே கிளப்பில் 'கிள்ளு' என்று பேர். பந்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மட்டையில் படும் நேரம் பார்த்து ஒரு கிள்ளு கிள்ளி விடுவார். பந்து சுழன்றுகொண்டே வரும். நம் பக்கம் விழுந்ததும் நேராக எழும்பாமல் பக்கவாட்டில் துள்ளி ஓடும். நீங்கள் இங்கே மட்டையை நீட்டினால் அது அங்கே போயிருக்கும். பிற்காலத்தில் அப்படி விரலால் சுழற்றிப் போடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அப்போது தடை ஒன்றும் இல்லை. "என் கிள்ளைத் திருப்பி அடிக்க இந்த மலாயாவுல ஒருத்தன் பொறந்து வரணும்" என்பது அவர் பேச்சு.

அவரோடு தினமும் சாயங்காலம் ஆட ஒரு சிநேகிதர் வந்துகொண்டிருந்தார். அவரும் ரயில்வேதான். அவரை ஈப்போ பக்கம் மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான், வீடு வீடாக இல்லை. மாமனார் ஆபிஸ் விட்டு வந்து, மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். மட்டையை எடுப்பார், வைப்பார். ரசத்தில் புளி தூக்கல் என்பார். என் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. பாதி நாள் கிம்மாஸ், பிறை என்று ஓடிக்கொண்டிருப்பார், வந்தால் தூங்குவார். கடைசியில் ஒரு நாள் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஆட ஆளில்லைன்னா இப்படியா உயிரை வாங்குவீங்க? இதோ இவ கிள்ளான்ல அண்ணமாரோட பெஞ்சைச் சேத்துப் போட்டு ஆடினவதானே. அவளைக் கூப்பிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தையிடம் அதை நான்தான் உளறியிருந்தேன். மாமனார் சற்று நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு சுவரிடம் சொன்னார்: "ஆடத் தெரியும்னா வந்து அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு."

நின்றேன். முந்தானையை இரண்டு தோளுக்கும் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கையில் மட்டையோடு. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் வந்தது. மாமனார் சட்டம் பார்க்கிற மனிதர். எதிராளி தயாரா என்று கேட்காமல் சர்வீஸ் போடுவது பெரிய மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். மருமகளிடம் நேராகப் பேசுவதும் மரியாதைக் குறைவு. என்ன செய்வார் பாவம்?

"ரெடியான்னு கேளு" என்றார்.

"ரெடியாடி?" என்றார் அத்தை.

"ரெடி அத்தை."

"ரெடியாம்."

பந்து வந்தது, துள்ளி ஓடியது, நான் காற்றை அடித்தேன். மறுபடி "ரெடியான்னு கேளு", "ரெடியாடி?", "ரெடி அத்தை", "ரெடியாம்". இப்படி ஏழெட்டுப் பந்து போயிருக்கும். அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அத்தை கரண்டியோடு எழுந்தார்.

"குழம்பு அடிப்பிடிக்குது. நீங்களே கேட்டுக்குங்க, உங்க ரெடியும் நீங்களும்!"

அத்தை போய்விட்டார். கூடத்தில் நாங்கள் இருவர்தான். மாமனார் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். பிறகு மெதுவாக, பந்தைப் பார்த்துக் கேட்டார், "ரெடியா?"

"ரெடி மாமா" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏனென்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கிள்ளு என்னை ஒரு மாதம் படுத்தாத பாடு படுத்தியது. ஒரு பந்துகூடத் திரும்பிப் போகாது. ஆத்திரம் ஆத்திரமாக வரும். அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். ஆனால் ஒன்று கவனித்தேன். நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது அல்லவா? குனிந்த தலையோடு நின்றால் என் கண் நேராகப் போய் நிற்கிற இடம் அவர் விரல்தான். வேறு எதையும் பார்க்க வழியில்லை, அதனால் ஆட்டம் பூராவும் அந்த இரண்டு விரலையே பார்த்தேன். கிளப்பில் அவரோடு ஆடிய ஆண்பிள்ளைகள் எல்லாம் அவர் முகத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். கட்டை விரல் முன்னால் வழுக்கினால் பந்து எனக்கு இடது பக்கம் துள்ளும். ஆள்காட்டி விரல் வழுக்கினால் வலது பக்கம். இதுதான் சூட்சுமம். கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு மாலை மூன்று கிள்ளைத் திருப்பி அனுப்பினேன். முதல் பந்து திரும்பி வந்தபோது மாமனார் அதை அடிக்கவே இல்லை. அது தன் பக்கம் விழுந்து உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருப்பி அனுப்பினால் மட்டும் போதுமா? அவர் உடனே பந்தை அறைந்துவிடுவார். எந்தப் பக்கம் அனுப்பப்போகிறேன் என்று தெரியாமல் அனுப்பினால்தான் பிழைக்கலாம். இதில்தான் என் குலமரியாதை எல்லாம் எனக்குத் துணைக்கு வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது அவர் அத்தையிடம் புலம்பியதைக் கேட்டேன்.

"எதிராளி எங்க அடிப்பான்னு கண்ணைப் பாத்தா தெரிஞ்சிடும். இவ கண்ணு எங்க இருக்குன்னே தெரியலையே. முழங்கையைப் பாத்தாலாவது தெரியும். அதுவும் முந்தானைக்குள்ள இருக்கு. முந்தானைக்குள்ளேர்ந்து பந்து வருது, நான் என்னத்தைப் பண்ண?"

"அப்ப முந்தானையை எடுத்து இடுப்புல சொருகச் சொல்லட்டுமா?" என்றார் அத்தை.

"சீச்சீ! என்ன பேச்சு இது, வீட்டுப் பொம்பளையப் பாத்து!"

அத்தை என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். எனக்குச் சோறு புரையேறியது.

பிறகென்ன, வேண்டுமென்றே இன்னும் ஒரு சுற்று இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மட்டையை ஒரே மாதிரி பிடித்து, கடைசி நொடி வரை மணிக்கட்டை அசைக்காமல் வைத்திருப்பேன். பந்து மட்டையைத் தொடுகிற நேரத்தில்தான் முடிவு. ஒன்று, அவருடைய இடது மூலைக்கு நீளமாகத் தள்ளுவேன். இல்லையென்றால் கையைத் தளர்த்தி மட்டையைச் சும்மா நிறுத்துவேன். பந்து அதில் சாய்ந்து வலைக்குப் பக்கத்திலேயே பொத்தென்று விழும். நீளப் பந்துக்குப் பின்வாங்கி நிற்பவர் வலைப் பக்கம் ஓடி வருவதற்குள் அது ரெண்டு குதி குதித்திருக்கும். தலையை வலது பக்கம் கொஞ்சம் சாய்த்துவிட்டு இடது பக்கம் அனுப்புவதும் உண்டு. என் அண்ணன்மார் என்னைச் சின்ன வயதில் ஏமாற்றிய ஏமாற்றுக்கெல்லாம் சேர்த்து மாமனார் தலையில் விடிந்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாரம் எந்தப் பந்தும் பலிக்கவில்லை. எங்கே அனுப்பினாலும் மனிதர் முன்கூட்டியே அங்கே போய் நிற்கிறார்! நான் குழம்பிப் போனேன். மண்டையை உடைத்துக்கொண்டும் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சமயம் என் வீட்டுக்காரர் லீவில் இருந்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர், ஆட்டம் முடிந்ததும் அடுப்படிக்கு வந்து என் காதில் சொன்னார்:

"உன் மெட்டி காட்டிக்குடுக்குது. கண்ணை மூடிக்கிட்டே நான் சொல்லிட்டேன் நீ எங்க அடிப்பேன்னு. அப்பாவோட இடது பக்கம்னா வலது காலை ஊனுறே, டக்குனு ஒரு சத்தம்."

எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்டு. காலை அழுத்தி ஊன்றினால் மெட்டி கேட்கத்தான் செய்யும். மாமனார் கண்ணை விட்டுவிட்டுக் காதை வைத்து ஆடியிருக்கிறார். கில்லாடி மனிதர்! மெட்டியைக் கழற்ற முடியுமா? சுமங்கலி. அதனால் மறுநாள் வலது காலால் டக்கென்று தரையைத் தட்டிவிட்டு அவருடைய வலது பக்கம் அனுப்பினேன். அவர் இடது மூலைக்குப் பாய்ந்து, அங்கே ஒன்றும் இல்லாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடிப்பாவி!" என்றார்.

சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் தோள் குலுங்கியது. மனிதர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நானும் குனிந்தபடியே சிரித்தேன்.

இத்தனைக்கும் நான் ஒரு முழு ஆட்டம் ஜெயித்ததில்லை. அப்போது இருபத்தொன்று எடுத்தால் ஆட்டம். பதினாறு, பதினேழு வரை போவேன், பிறகு அவசரப்பட்டு வெளியே அடிப்பேன், அவர் முடித்துவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடச் சேதி வந்தது. பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு வாத்தியார் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். கோயிலில் அத்தையைப் பார்த்த தலைமை ஆசிரியர், "உங்க மருமக கிள்ளான்ல சொல்லிக் குடுத்தவங்களாமே. வருவாங்களா? திங்கக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க, இல்லாட்டி காஜாங்லேர்ந்து ஒருத்தரை வரச் சொல்லணும்" என்றிருக்கிறார்.

அத்தை வந்து சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டு வேலை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அத்தை தான் பெற்ற பெண்ணைப்போலத்தான் என்னை நடத்தினார். ஆனால் காலையில் ஒரு வகுப்பே எழுந்து நின்று இழுத்து இழுத்து வணக்கம் சொல்லும் பாருங்கள், அதற்காக நான் ஏங்கிப் போயிருந்தேன். தன் பெயரைத் தானே முதல் தடவையாகச் சிலேட்டில் எழுதிவிட்டு ஒரு குழந்தை சிரிப்பது இருக்கிறதே, அதைப் பார்த்தவளுக்கு வேறொன்றும் கண்ணில் நிற்காது. எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதையும் அந்த வயதில் நான் அப்படி விரும்பியதில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அப்பாகிட்ட நான் பேசமாட்டேன். நீயாச்சு, அவராச்சு" என்று பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். நல்ல ஆம்பளை! அத்தைதான் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ரயில்வே வீட்டு மருமக சம்பளத்துக்குப் போனா நாலு பேர் என்ன சொல்வான்? புள்ள சம்பாத்தியம் பத்தலைம்பான். வேணாம்" என்றார் மாமனார்.

"அவளுக்கு ஆசையா இருக்குங்க."

"பொழுது போகலைன்னு கேக்கறா. அதுக்குத்தான் பிங்பாங் இருக்கே."

பொழுது போகவில்லையாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மாலை ஆட்டத்தில் பந்தை அறை அறையென்று அறைந்தேன். பாதி வெளியே போனது, பாதி அவரால் தொட முடியவில்லை. நான் பதினெட்டு வரை போய்த்தான் தோற்றேன். அவருக்கும் மூச்சு வாங்கியது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பெருமையும் கேலியுமாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"என்னை ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டும். அப்புறம் பள்ளிக்கூடம் போகட்டும்."

அத்தை அப்போது கூடத்தில் இல்லை. நடுவில் நின்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நான் தரையைப் பார்த்தபடியே, நானாகவே சொன்னேன், "சரி மாமா. சனிக்கிழமை."

அவர் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. "ரெடி" என்பதைத் தவிர நான் அவரிடம் சொன்ன முதல் பேச்சு அது.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள் ஆபிஸ். சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து, காப்பி குடித்துவிட்டு வந்தார். அத்தை கூடத்துச் சுவரோரம் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கணக்குச் சொல்ல நின்றார். முதல் சர்வீஸ் எனக்கு. ஐந்து பந்துக்கு ஒரு தடவை சர்வீஸ் மாறும்.

மனிதர் அன்று தயாராகத்தான் வந்திருந்தார். என் முந்தானைக்கும் மயங்கவில்லை, மெட்டிச் சத்தத்தையும் காதில் வாங்கவில்லை, தலையைச் சாய்த்தாலும் அசையவில்லை. நான் தள்ளுகிற வரை நடுவில் நிற்பது, பந்து கிளம்பிய பிறகுதான் கிளம்புவது. ஐம்பது வயதுக்காரருக்கு அந்த ஓட்டம் எங்கிருந்து வந்ததோ! ஆனால் நானும் விடவில்லை. அவர் விரல் எனக்கு மனப்பாடம். அவர் ஒன்று எடுத்தால் நான் ஒன்று எடுத்தேன். நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது போனால் மேசையெல்லாம் அதிரும், பந்து தானாக உருளும். வண்டி போய் முடியும் வரை இரண்டு பேரும் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நின்றோம். அத்தை கீரையை ஆய்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

"பதினெட்டு, பதினேழு. அப்பா முன்னால" என்றார் வீட்டுக்காரர். சர்வீஸ் அவர் கைக்குப் போனது. ஐந்து கிள்ளு.

முதல் இரண்டும் போய்விட்டது. இருபது, பதினேழு. இன்னும் ஒன்று எடுத்தால் அவர் ஜெயித்துவிடுவார். உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது பந்து என் அதிர்ஷ்டம். நான் திருப்பி அடித்தது வலையில் தட்டி, அவர் பக்கம் விழுந்து செத்தது. இருபது, பதினெட்டு.

"ரெடியா?" என்றார்.

"ரெடி மாமா."

என்னிடம் இருந்த ஏமாற்றெல்லாம் தீர்ந்துவிட்டது. கண், கை, கால், எல்லாவற்றையும் அவர் படித்துவிட்டார். கட்டை விரல் வழுக்குவதைப் பார்த்தேன். பந்து இடது பக்கம் துள்ளும் என்று தெரியும், மட்டையும் அங்கே போய்விட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, தலையை நிமிர்த்தினேன். நிமிர்த்தி, நேராக, மாமனாரின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் திகைத்துப் போனார். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் கையைத் தளர்த்தினேன். பந்து வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது, குதித்தது, மறுபடி குதித்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது அது நின்றுவிட்டிருந்தது.

"இருபது, பத்தொன்பது" என்றார் வீட்டுக்காரர்.

"அடி ஆத்தி!" என்றார் அத்தை.

மாமனார் பந்தை எடுத்தார். மேசையின் பின்னால் வந்து நின்றார். உடனே போடவில்லை. பந்தை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தலையைத் தூக்கினார். முதல் தடவையாக அவரும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரெடியா?"

நான் குனிந்திருக்க வேண்டும். விரலைப் பார்த்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் முடியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரைத்த புருவம், மூக்கில் கண்ணாடியின் தழும்பு, மேல் உதட்டில் வியர்வை. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்தறியாத முகம். இந்த மனிதர் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, சொல்லமாட்டாரா என்று ஏக்கம் பொங்கி வந்தது. "ரெடி மாமா" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியாது.

எந்த விரல் வழுக்கியது என்று நான் பார்க்கவில்லை. பந்து வலது பக்கம் துள்ளியது. என் மட்டை இடது பக்கம் போயிருந்தது. எட்டி எடுக்கப் பார்த்தேன். மட்டையின் ஓரத்தில் பட்டு வலையில் போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்தது.

மட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உரிக்காத வெங்காயத்தைக் கூடையோடு இழுத்து வைத்து உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் அல்லவா. என் மேல்தான் எனக்குக் கோபம். நானே கண்டுபிடித்த வித்தையை நானே கெடுத்துக்கொண்டேன். முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு உரித்தேன். திங்கட்கிழமை காஜாங்கிலிருந்து யாரோ வந்து அந்தக் குழந்தைகளுக்கு முன்னால் நிற்கப்போகிறார்கள்.

வாசலில் நிழல் விழுந்தது. அத்தை என்று நினைத்தேன். மாமனார்! அடுப்படிப் பக்கமே வராத மனிதர், தோளில் துண்டோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அலறி அடித்துக்கொண்டு எழுந்து முந்தானையை இழுத்தேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். என்னிடம்தான் சொன்னார். அங்கே சுவர்கூடக் கிட்டத்தில் இல்லை. "அந்த நாலாவது பந்து. என் மூஞ்சியைப் பாத்தியே, அது ஏமாத்துத்தானே?"

"ஆமா மாமா" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "உங்களை அசத்தத்தான் பாத்தேன். தப்புன்னா மன்னிச்சுக்குங்க."

"தப்பா? அபாரமான ரிட்டர்ன். கிளப்புல எவனுக்கும் தோணியிருக்காது." துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அப்ப கடைசிப் பந்துல பாத்தியே, அது?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத மாதிரி.

"அது ஏமாத்து இல்லை. பந்து வர்றதுகூடத் தெரியாம நின்னே" என்றார் அவர். "உனக்கு இது எவ்வளவு வேணும்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. நீ என்னமோ பொழுது போகாம கேக்கறேன்னு நான் நெனச்சுட்டேம்மா. நான் உன் மூஞ்சியைப் பாத்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா என்றார் என்னை. அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நாலு பேர் ஏதாவது சொன்னா என்கிட்ட வந்து சொல்லட்டும், நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமையே போ" என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். முகத்தை வேண்டுமென்றே கடுமையாக வைத்துக்கொண்டு விரலை ஆட்டினார். "ஆனா ஒண்ணு. ஆட்டம் என்னுது. இருபத்தொண்ணு, பத்தொம்பது. ஜெயிச்சுட்டுப் போறேன்னு எவகிட்டயாவது சொன்னே, தெரியும் சேதி!"

"சொல்லமாட்டேன் மாமா" என்றேன். அழுகையும் சிரிப்புமாக, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் போனேன். பிறகு எத்தனையோ வருஷம் போனேன். கோயிலில், பாசார் சந்தையில், ரயிலடியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "மாமனாரை பிங்பாங்ல ஜெயிச்சுட்டு வேலைக்கு வந்தீங்களாமே" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். நான் தோற்றுவிட்டுத்தான் வந்தேன்.